அதுவே தேடிக்கொள்ளும்

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. மூத்தவர்கள், இளையவர்கள் எல்லாருக்கும் அவள் பில்ட் அக்காதான். நாற்பது பேர் உட்கார்ந்து லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிற இடம் அது. கதவு எப்போது திறக்க வேண்டும், எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும், எந்த மாடியில் நிற்க வேண்டும் என்று ஆளுக்கொரு துண்டாக எழுதித் தள்ளுவார்கள். எழுதியதை லிஃப்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றி, துண்டுகளை ஒட்டி, முழுசாக்கிக் கொடுப்பது இவள் வேலை. அதற்குத்தான் பில்ட் என்று பேர். ஒழுங்காகக் கொடுத்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. கொடுக்காவிட்டால் நாற்பது பேரும் இவள் மேஜையைச் சுற்றி வந்து நிற்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வேலையை அவள் ஒரு ஸ்கிரிப்டுக்குள், அதாவது கணினி தானாகவே செய்து முடிக்கிற கட்டளைப் பட்டியலுக்குள், அடக்கிவிட்டாள். அதற்கு முன்பெல்லாம் தினம் ஒரு ரகளை நடக்கும். எழுதியதை மாற்றித் தருகிற கருவிக்குக் கம்பைலர் என்று பேர். அது ஒவ்வொருவர் மெஷினிலும் ஒவ்வொரு ஃபோல்டரில் குடியிருக்கும். எங்கே இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். தப்பாக எழுதுவார்கள். எழுதிவிட்டு மறப்பார்கள். மறந்துவிட்டு இவளிடம் வந்து கண்ணைக் கசக்குவார்கள். பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள், யாரும் எதையும் சொல்ல வேண்டாம், ஸ்கிரிப்டே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று முடிவு கட்டினாள்.

நல்ல ஸ்கிரிப்ட்தான், குறை சொல்லக் கூடாது. வழக்கமாகக் கருவிகள் இருக்கிற ஃபோல்டர்கள் பன்னிரண்டையும் வரிசையாகப் போய்ப் பார்க்கும். கம்பைலர் என்ற பேரில் எது இருந்தாலும் கதவைத் தட்டி, உன் பதிப்பு எண் என்ன என்று கேட்கும். சரியான எண்ணைச் சொன்னால் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடும். எங்கே பிடித்தேன் என்று வெளியே சொல்லாது, ஏனென்றால் திரையில் வளவளவென்று எழுத்து ஓடினால் அவளுக்கு ஆகாது. கம்பைலர் பேசுகிற பேச்சையும் அடக்கிவிட்டாள். ஒரு ஃபைல் முடிந்தால் ஒரு பச்சைப் புள்ளி விழும், அவ்வளவுதான்.

"அக்கா, ஒரு அவசரம்னா கம்பைலர் இங்க இருக்குன்னு கையால எழுத ஒரு வரியாவது விடுங்களேன்" என்று அன்றைக்கே சிலர் கெஞ்சினார்கள்.

"அந்த ஒரு வரியாலதான் இத்தனை நாள் நான் பட்டேன். ஒண்ணும் வேணாம். அதுவே தேடிக்கும்" என்று அந்த வழியை அடியோடு அடைத்துவிட்டாள்.

இப்போது கதைக்கு வருவோம். சனிக்கிழமை, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு எட்டு நொடி திறந்திருப்பதற்குப் பதிலாக இரண்டே நொடியில் மூடி, ஒருவருடைய பையைக் கவ்விக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கம்பெனி பயந்துபோய் அந்த ரக லிஃப்டுகள் அத்தனையையும், நாற்பத்தோரு கட்டடங்களில், ஒரே மூச்சில் நிறுத்திவிட்டது. அந்த நாற்பத்தொன்றில் ஒன்று பில்ட் அக்கா குடியிருக்கிற கட்டடம். போன வருடம் பழைய லிஃப்டை மாற்றுகிற பேச்சு வந்தபோது, குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்க கம்பெனி லிஃப்ட் போடுங்க, நான் பொறுப்பு என்று சொன்னவள் அவளேதான்.

அவள் வீடு ஏழாவது மாடி. வீட்டில் மாமியார். முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து ஐந்து வாரம்தான் ஆகிறது, படிக்கட்டுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கணவன் வேலை விஷயமாக வெளியூரில். இந்த நிலைமையில், செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மாமியாரின் தங்கை வருகிறாள். வருகிறாள் என்றால் விருந்துக்கு இல்லை. மகனோடு இருக்கக் கடல் தாண்டிப் போகிறாள், இனிமேல் அங்கேதான். விமான நிலையம் போகிற வழியில் ஒரு மணி நேரம் நிற்பதாக ஏற்பாடு. அவளுக்கு மூச்சிரைப்பு, இரண்டு மாடி ஏறினால் ஆளே இருக்க மாட்டாள். மாமியாரால் இறங்க முடியாது, தங்கையால் ஏற முடியாது. இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இன்றைக்கு விட்டால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டடத்து வாட்ச்மேன் கெட்டிக்காரன். சாமான் தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரைப் பேசி வைத்திருந்தான். நாற்காலியில் உட்காரவைத்துப் பதமாக இறக்கிவிடுவதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு அதில் விருப்பமில்லை.

"பீரோவை இறக்குற மாதிரி என்னையும் இறக்கப் போறாங்களா? உன் கம்பெனி லிஃப்டுதானே, நீ சரி பண்ணிட மாட்டியா?" என்று செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டார்.

"பண்ணிடுவேன் அத்தை. எதுக்கும் ஆளுங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

அலுவலகத்தில் சரி செய்ய ஒன்றும் பெரிதாக இல்லை. எழுதுகிறவர்கள் திங்கட்கிழமையே தப்பைக் கண்டுபிடித்து, இரண்டு என்று இருந்த எண்ணை எட்டு என்று திருத்திவிட்டார்கள். பில்ட் போட்டு, அலுவலகத்தில் இருக்கும் சோதனை லிஃப்டில் ஓட்டிப் பார்த்து, கட்டடங்களுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வார இறுதியில் பில்டுக்கென்று புது மெஷின் வேறு வந்திருந்தது. பழையதில் இருந்ததை எல்லாம் புதியதற்கு மாற்றி வைத்தவர் சர்வர் அண்ணன். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிடலாம், அத்தனை நிதானம்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் பில்டை ஓட்டினாள். பச்சைப் புள்ளிகள் சரசரவென்று கொட்டின. நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள், ஒன்பது நொடி. பழைய மெஷினில் இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

"அண்ணே, புது மெஷின் பறக்குது!" என்று அறைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

அந்த இடத்தில் அவளுக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அடுத்ததாக, எழுதியதில் பாதுகாப்பு விதிகளைச் சரிபார்க்கிற பகுதி. புது மெஷினோ பழைய மெஷினோ, அது இருபது நிமிடம் ஓடும். பிறகுதான் துண்டுகளை ஒட்டும். சும்மா இருக்கிற இருபது நிமிடத்தில் அவள் வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஆளுங்களை வரவேணாம்னு சொல்லிடுங்க. மதியத்துக்குள்ள லிஃப்ட் ஓடிரும்."

"கண்டிப்பாங்களா? இவங்களை விட்டா வேற வேலைக்குப் போயிருவாங்க."

"கண்டிப்பா. என் கண்ணால பாத்துட்டுதான் சொல்றேன்."

மாமியாருக்கும் சொன்னாள். மறுமுனையில் மாமியார் சிரிப்பது கேட்டது.

பத்தே காலுக்குத் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து விழுந்தது. ஒட்டுவதற்குத் துண்டுகள் எதுவும் கிடைக்கவில்லை என்றது. நானூற்றுப் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள் மேலே வரிசையாக நிற்க, கீழே துண்டே இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். அதே வரிதான்.

சர்வர் அண்ணன் மெதுவாக வந்து அவள் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தக் கம்பைலரை எடுக்குதுன்னு பாத்தீங்களாம்மா?"

"அதெல்லாம் அதுவே கண்டுபிடிச்சுக்கும்ணே. நீங்க எல்லாத்தையும் ஒழுங்கா காப்பி பண்ணீங்களா, அதைச் சொல்லுங்க."

"பண்ணினேன்மா."

"ஏதோ விட்டுப்போச்சுண்ணே. இன்னொரு தடவை பண்ணுங்க."

அவர் பண்ணினார். முக்கால் மணி நேரம். மறுபடியும் ஒன்பது நொடிப் பச்சை, இருபது நிமிடக் காத்திருப்பு, ஒரு வரிச் சிவப்பு. ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையோ என்று பார்த்தாள், இருந்தது. டிஸ்கில் இடம் இல்லையோ என்று பார்த்தாள், கொட்டிக் கிடந்தது. வைரஸ் காவல் துண்டுகளைத் தின்றுவிடுகிறதோ என்று அதை நிறுத்திவிட்டு ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பாழாய்ப்போன இருபது நிமிடம் காத்தே ஆக வேண்டும். இதற்குள் மேனேஜர் நான்கு முறை எட்டிப் பார்த்துவிட்டார், நான்கு முறையும் "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். எழுதுகிறவர்களில் ஒருவன் வந்து, எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கே அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை அப்படியே ஜன்னல் வழியாகத் தள்ளினால் என்ன என்று தோன்றியது.

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் குழுச் செய்தியில் காரணம் கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, புது மெஷினுக்கு மாற்றியதில் காப்பி சரியாக நடக்கவில்லை என்று தட்டி அனுப்பினாள். நாற்பது பேரும் படித்தார்கள். பத்தாவது நிமிடம், மேனேஜர் சர்வர் அண்ணனை நடு அறையில் நிறுத்திவைத்து, நாற்பத்தோரு கட்டடம் நிக்குதுங்க, ஒரு காப்பி ஒழுங்கா பண்ண முடியாதா என்று கேட்டார். அண்ணன் கேட்டுக்கொண்டு போய், மூன்றாவது முறையாகக் காப்பியை ஆரம்பித்தார்.

மாமியார் போன் செய்தபோது அவள் குரலில் எரிச்சல் அப்படியே இருந்தது. "ஒருத்தர் ஒழுங்கா காப்பி பண்ணாம சொதப்பிட்டாரு அத்தை. அதான் லேட்டாகுது. நீங்க கிளம்பி ரெடியா இருங்க."

"நான் பதினோரு மணிக்கே ரெடி" என்றார் மாமியார்.

ஒரு மணிக்கு அவள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு அந்த ஆட்கள் கிடைப்பார்களா என்று கேட்டாள். ஊரின் மறுகோடிக்கு வீடு காலி பண்ணிக் கொடுக்கப் போய்விட்டார்கள், சாயங்காலம்தான் வருவார்கள் என்றான் அவன். வேறு ஆட்களைத் தேடுவதாகச் சொன்னான். அவன் குரலில் நம்பிக்கை இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பாட்டுப் பையை அவள் திறக்கவே இல்லை.

மூன்றாவது காப்பி முடிந்து ஓட்டினாள். அதுவும் அதே கதிதான். இரண்டு முப்பத்தைந்துக்கு மாமியாரிடமிருந்து அழைப்பு வந்தது.

"கார் வந்துருச்சும்மா."

"ஒரு அரை மணி அத்தை. ஒரே ஒரு அரை மணி."

"சரி. நான் பால்கனியிலதான் நிக்கிறேன். மரம் மறைக்குது."

போனை வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் நேரம் இல்லை என்கிற கோபம் அதற்கும் மேலே வந்தது. இன்னும் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, தன் ஸ்கிரிப்டைத் தவிர. சர்வர் அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மதியம் நாற்பது பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியாது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கம்பைலர் என்ன பேசுதுன்னு ஒரே ஒரு தடவை திறந்து காட்டுங்களேன். நீங்க அடக்கி வச்சிருக்கீங்களே, அதை."

அவள் ஸ்கிரிப்டைத் திறந்து, பேச்சை அடக்குகிற வரியை எடுத்துவிட்டு ஓட்டினாள். திரையில் எழுத்து ஓடியது. நானூற்றுப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரே சொல்.

ஆச்சு. ஆச்சு. ஆச்சு. ஆச்சு.

உலகத்தில் எந்தக் கம்பைலரும் ஆச்சு என்று சொல்லாது. நிஜக் கம்பைலர், வேலை சரியாக நடந்தால் வாயே திறக்காது. ஆச்சு என்று சொல்கிற கம்பைலர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை எழுதியவள் அவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், தன் ஸ்கிரிப்ட் சரியாகத் தேடுகிறதா என்று சோதிப்பதற்காக, தேடுகிற ஃபோல்டர்களில் ஒன்றில் மூன்றே வரியில் ஒரு பொம்மையைச் செய்து வைத்தாள். கம்பைலர் என்று அதற்குப் பேர் கொடுத்தாள். பதிப்பு எண் கேட்டால் சரியாகச் சொல்லும். வேலை கொடுத்தால் ஆச்சு என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். சோதனை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். அழிக்க மறந்துவிட்டாள். பழைய மெஷினில் நிஜக் கம்பைலர் வரிசையில் முதல் ஃபோல்டரில் இருந்ததால் பொம்மை வரைக்கும் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. புது மெஷினில் சர்வர் அண்ணன் நிஜத்தை ஒழுங்காக, அதற்கென்று தனி ஃபோல்டரில் வைத்தார். அது வரிசையில் கடைசி. பொம்மை முந்திக்கொண்டது.

"இதுவும் உங்க ஃபோல்டர்ல இருந்ததுதான்மா. ஒரு தூசு விடாம கொண்டுவந்தேன்" என்றார் அண்ணன். "எதுக்குன்னு தெரியலை. உங்களுக்கு வேண்டியதா இருக்கும்னு நினைச்சேன்."

மூன்று முறை காப்பி நடந்தது. மூன்று முறையும் அவர் அந்தப் பொம்மையைப் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காலை பத்தே காலுக்கு அந்த மனிதர் கேட்டது ஒரே கேள்வி. பதில் தேட ஒரு நிமிடம் போதும். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பத்திரண்டு.

பொம்மையை அழித்தாள். மறுபடியும் ஓட்டினாள். இந்த முறை பச்சைப் புள்ளி ஒன்று விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. புது மெஷின் பறக்கவெல்லாம் இல்லை. பழையது எப்படிப் போனதோ அப்படித்தான் போயிற்று, நிஜமான வேலை எப்போதும் போகிற வேகத்தில். இருபத்து மூன்று நிமிடம் இது, இருபது நிமிடம் சரிபார்ப்பு, சோதனை லிஃப்டில் ஒரு பதினைந்து நிமிடம், கட்டடத்தில் தயாராக நிற்கும் டெக்னீசியன் ஏற்றுவதற்கு ஒரு பத்து நிமிடம். விரல் விட்டுக் கூட்டினாள். எப்படிக் கூட்டினாலும் மூன்றரைக்குள் வரவில்லை. சரிபார்ப்பைத் தாண்டிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கதவு கவ்விய பையை நினைத்துக்கொண்டாள். தாண்டவில்லை.

காத்திருந்த நேரத்தில் குழுச் செய்தியைத் திறந்து, காப்பியில் தப்பில்லை, தப்பு என்னுடைய ஸ்கிரிப்டில், நான் வைத்த பொம்மைக் கம்பைலரால் வந்தது, அண்ணன் காலையிலேயே சரியாகக் கேட்டார், நான் கேட்கவில்லை என்று எழுதி அனுப்பினாள். நாற்பது பேரும் படித்தார்கள்.

"இதெல்லாம் எதுக்கும்மா" என்றார் சர்வர் அண்ணன்.

"உங்களை நிக்க வச்சுக் கேட்டாங்கல்லண்ணே."

"கேட்டாங்க" என்று ஒப்புக்கொண்டார் அவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எழுந்து போய் அவளுக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

மூன்று முப்பத்தைந்துக்கு மாமியார் கூப்பிட்டார். "அவ போயிட்டாம்மா" என்று மட்டும் சொன்னார். மூன்று ஐம்பத்தாறுக்கு அவள் கட்டடத்தின் லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. ஐந்து மணிக்குள் நாற்பத்தொன்றும் ஓடின. மேனேஜர் எல்லாருக்கும் நன்றி என்று செய்தி போட்டார். கிளம்புவதற்கு முன்னால் அவள் ஸ்கிரிப்டில் இரண்டு வரிகளைச் சேர்த்தாள். ஒன்று, கம்பைலரை எங்கே பிடித்தது என்று உரக்கச் சொல்கிற வரி. மற்றது, இங்கே இருக்கிறது என்று ஒரு மனிதர் சொன்னால் கேட்டுக்கொள்கிற வரி.

ஆறு மணிக்கு அவள் வீடு வந்தபோது மாமியார் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே போவதற்கு உடுத்துகிற புடவை. மடியில் ஒரு துணிப்பை.

"இங்க என்ன பண்றீங்க அத்தை?"

"லிஃப்ட் ஓடுதுன்னு வாட்ச்மேன் வந்து சொன்னான். இறங்கினேன். அவ கார் எங்க நின்னுச்சுன்னு பாக்கலாம்னு." கையை நீட்டிக் காட்டினார். "அந்த மரத்தடியிலயாம். மேல இருந்து எனக்கு மரம்தான் தெரிஞ்சுது. கிளம்பும்போது கை மட்டும் வெளிய வந்துது. அவ கைதானான்னுகூடத் தெரியலை."

அவள் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளை ரொம்பத் திட்டிட்டாங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"எந்த ஆளை?"

"யாரோ ஒழுங்கா காப்பி பண்ணலைன்னு சொன்னியே."

"அவரு ஒழுங்காத்தான் பண்ணியிருந்தாரு அத்தை. தப்பு என்னுது. நான் வச்ச ஒண்ணு, நான் எழுதினது, நானே பாக்கலை. தூக்க வந்த ஆளுங்களை வேணாம்னு சொன்னதும் நான்தான்."

மாமியார் அவளைப் பார்த்தார். திட்டவில்லை. விடும்மா என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

"பையில என்ன அத்தை?"

"ஸ்வெட்டர். ரெண்டு மாசமா பின்னினேன். அங்க குளிராம்."

"நாளைக்கே கூரியர்ல அனுப்பிடுறேன்."

"அனுப்பு." மாமியார் பையை ஒருமுறை தடவினார். "உடம்பு அளவு எனக்குத் தெரியும். கை நீளம்தான் சரியாத் தெரியலை. முனையை முடிக்காம ஊசியோட வச்சிருக்கேன். அவளை நிக்க வச்சு, போட்டுப் பாத்து, இங்கயே முடிச்சுக் குடுத்துரலாம்னு நினைச்சேன்."

மேலேயிருந்து யாரோ லிஃப்டில் இறங்கி வந்து, இவர்களுக்குத் தலையசைத்துவிட்டு வெளியே போனார்கள். கதவு திறந்தபடி நின்றது. அவளை அறியாமல் அவள் எண்ணினாள். எட்டு நொடி, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.